மூணு கட்டு வீட்டுக்கு ஒரு கணப்பு

இந்த மார்கழியில் மெட்ராஸ் போவதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவெடுப்பது என் வேலை. அது நடக்குமா என்பது என் சம்சாரம் தயாவதியின் வேலை.

காஞ்சிபுரம் பக்கத்தில் திருப்பருத்திக்குன்றத்தில் எங்களுக்கு மூணு கட்டு வீடு. என் தாத்தா பதினோரு பிள்ளைகளை மனசில் வைத்துக் கட்டியது. இப்போது நாங்கள் ரெண்டே பேர். இந்தக் கோடியிலிருந்து கத்தினால் அந்தக் கோடிக்குக் கேட்காது. அது ஒரு சௌகரியம். ஆனால் நடுவில் திறந்த முற்றம். கார்த்திகை கழிந்ததும் ஊர்ப் பனியெல்லாம் அது வழியாகத்தான் இறங்கும். கடப்பாக்கல் தரையில் கால் வைத்தால் குளிர் உச்சி மண்டை வரை ஏறும். ஊட்டிக்காரன் கேட்டால் சிரிப்பான். சிரிக்கட்டும், அவனா இங்கே குடித்தனம் பண்ணுகிறான்?

இந்தக் குளிரைச் சாக்குச் சொல்லி வருஷா வருஷம் தயாவதி என்னை மெட்ராஸுக்கு, மகள் மோனிஷாவின் ஃபிளாட்டுக்கு, ஓட்டிக்கொண்டு போவாள். தை பிறக்கும் வரை எட்டாவது மாடியில் சிறைவாசம். செருப்பை எங்கே விட்டாலும் தப்பு. மருமகன் அபினவ் டிவியில் ஷேர் மார்க்கெட் பார்ப்பார், மரியாதைக்கு நானும் பார்க்க வேண்டும். இங்கே என் நெல் கதிர் முற்றிக்கொண்டிருக்கும். இன்னொரு வருஷம் என்னால் முடியாது.

"வீட்டை நான் சூடு பண்ணிட்டா மெட்ராஸ் வேணாம்தான?" என்று கேட்டேன்.

"வேணாங்க. எனக்கு மட்டும் அங்க போய் உக்காரணும்னு ஆசையா?" என்றாள்.

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதலில் ரெண்டு ரூம் ஹீட்டர் வாங்கினேன். ரெண்டையும் ஒன்றாகப் போட்டதில் ஃப்யூஸ் போய், மோட்டாரும் ஓடாமல், குளிக்க வெந்நீர் மட்டுமில்லை, தண்ணீரே இல்லை. அப்புறம் ஓரிக்கை வெல்டர் தணிகாசலத்தைப் பிடித்து, எண்ணெய் டிரம்மில் கதவு வைத்து, புகை போகக் குழாய் மாட்டி, ஒரு கணப்பு அடுப்பு செய்யச் சொன்னேன். இட்லிக் கடை போடப் போறியா சார் என்று கேட்டான். முற்றத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டினேன். ஊருக்கு வெளியே எங்கள் கொல்லைக் காட்டிலிருந்து வேலிகாத்தான் முள்மரக் கட்டை வண்டியோடு வந்து இறங்கியது.

தயாவதி பக்கத்தில் வந்து நின்றாள். "கட்டையில எறும்பு, கரையான்லாம் இருக்கும். தட்டிப் பாத்துட்டு வெச்சிங்கன்னா பாவம் சேராது" என்றாள்.

நாங்கள் ஜைனர். பூச்சி செத்தாலும் பாவம் என்று பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவர்கள். ஒவ்வொரு கட்டையாகத் தட்டினேன். பட்டையை உரித்தேன். எறும்புகளைக் குடும்பம் குடும்பமாக இலையில் ஏந்திப்போய் வேப்பமரத்தடியில் குடியமர்த்தினேன். ஒரு எறும்பு நன்றியே இல்லாமல் கடித்தது. அடுப்பு பற்றும்போது மணி மூணு.

சத்தியமாகச் சொல்கிறேன், வீடு சூடானது. ஐந்தரைக்குத் தயாவதி வந்தாள்.

"பொழுது சாயுது. அணைச்சிடுங்க."

"குளிரே இனிமேதான்டி ஆரம்பிக்குது."

"வெளிச்சத்துக்கு விட்டில் வந்து விழும். அத்தன உசுரு. அப்புறம் உங்க இஷ்டம்."

எங்கள் வீட்டில் 'உங்க இஷ்டம்' என்றால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அணைத்தேன்.

ஆக, காலையெல்லாம் எறும்பு சேவை. மூணிலிருந்து ஐந்தரை வரை, காஞ்சிபுரத்து வெயில் சும்மாவே செய்கிற வேலையை நான் விறகு வைத்துச் செய்தேன். பனியன் பிழிந்தால் அரைப்படி வேர்வை. ராத்திரி சூடு போய்விடும், தார்ப்பாய் தயவில் புகை மட்டும் தங்கிவிடும். தயாவதியோ ரெண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு, எவ்வளவு இதமா இருக்குது என்பாள். எனக்காக எங்க வீட்டுக்காரர் இவ்வளவு பண்றார் என்று கோயிலில் சொல்லிவிட்டாள். பெண்கள் கூட்டமாக வந்து அடுப்பையும் என்னையும் பார்த்துவிட்டுப் போனார்கள். இனி நான் நினைத்தாலும் நிறுத்த முடியாது.

ஒன்பது நாள் தாங்கினேன். கை கொப்புளம், கண் சிவப்பு, இடுப்பு என்னுடையதே இல்லை. பத்தாம் நாள் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். மெட்ராஸ் போகலாமா என்றேன். இங்கயே நல்லாத்தான இருக்குது என்றாள். பொண்ணைப் பார்க்கணும் போல இருக்குது என்றேன். போனில் பாருங்க என்றாள். தயா, தயா என்று அரைமணி நேரம் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் பெருமூச்சு விட்டாள். "உங்களுக்காக வர்றேன். ஆனா மோனிஷாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் இழுத்துக்கினு வந்தேன்னு பேர் வேணாம்."

தப்பித்தோம் என்று உடனே மகளுக்குப் போன் போட்டு, நாளைக்கு வருகிறோம் என்றேன்.

"ரூம் ரெடியா இருக்குதுபா. அப்பா கெஞ்சினதும் கெளம்பிடுவோம்னு அம்மா போன மாசமே சொன்னாங்க" என்றாள் மோனிஷா. "கெஞ்சியாச்சா?"