வாயுவுக்கு நல்ல அரிஷ்டம்

"பாத்ரூமுக்குள்ள யாருங்க இருக்கா?" என்று நளினி கேட்டாள்.

ஊருக்குச் சென்றிருந்த அவள் அன்று காலைதான் அமீரகத்து அல் ஐனுக்குத் திரும்பியிருந்தாள். கையிலிருந்த பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

"யாரும் இல்லையே" என்றார் கார்மேகம்.

'ப்ளக்' என்றது குளியலறை.

கார்மேகம் ஒரு கட்டட ஒப்பந்த நிறுவனத்தில் வரைபடம் வரைபவர். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர் என்பதைத் தவிர அவர்மீது எவரும் குறை கூறியதில்லை. அவருடைய மேலதிகாரியான ஆங்கிலேயப் பொறியாளர், வேலையை விட்டுத் தாயகம் திரும்பிய நாளில், ஒரு பெரிய பெட்டியை அவரிடம் கொடுத்து, "செய்து பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று எனக்கு எழுது" என்று தோளில் தட்டிவிட்டுச் சென்றார். பெட்டிக்குள் ஒரு டின்னில் தார் போன்ற மால்ட் சாறு, ஒரு பொட்டலம் ஈஸ்ட், மூடியில் குழாய் பொருத்திய வாளி. வீட்டிலேயே பீர் தயாரிப்பதற்கான சாதனங்கள்.

கார்மேகம் தம் நாற்பத்தோரு வயதுவரை பீரை வாயில் வைத்தவரல்லர். ஆயினும், செய்யாத ஒன்றைச் செய்ததாகக் கடிதம் எழுத அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே, செய்முறைத் தாளில் கண்டவாறு சர்க்கரையை நிறுத்து, நீரின் சூட்டை அளந்து, எள்ளளவும் பிழையின்றிச் செய்துமுடித்தார். முடித்த பிறகே வெட்கம் வந்தது. வீட்டில் மது காய்ச்சுவது அந்த நாட்டில் குற்றம்; வெளியே தெரிந்தால் விசா போய்விடலாம். அதைக் காட்டிலும், வெள்ளிக்கிழமைதோறும் கூட்டு வழிபாட்டில் முன்வரிசையில் அமர்ந்து தேவாரம் பாடுகிறவர் அவர். அங்கே இனி யார் முகத்தில் விழிப்பது?

இதற்குள் நளினி குளியலறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

"என்னங்க இது, வாளி மூச்சு விடுது?"

"அது வந்து... அரிஷ்டம்."

"அரிஷ்டமா?"

"வாயுவுக்கு. கூட வேலை செய்ற மலையாளி ஒருத்தர் சொன்ன பக்குவம். இருபத்திமூணு லிட்டர்தான்."

நளினி வாளியைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "உங்களுக்கு அவ்வளவு வாயுவாங்க?"

"ஆமாம்" என்று கார்மேகம் தலைகுனிந்தார்.

நொதித்து அடங்கியதும் சந்தடியின்றிச் சாக்கடையில் கொட்டிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். நளினி விடவில்லை. "மருந்தை யாராச்சும் கொட்டுவாங்களா?" என்று கடிந்துகொண்டு, காலி சோடா பாட்டில்களைத் தானே கழுவித் தந்தாள். நாற்பத்திரண்டு பாட்டில்கள் நிரம்பிக் கட்டிலுக்கடியில் புகுந்தன. கணவரின் உடல்நிலையை எண்ணிக் கவலையுற்று, அவள் அதை மேல்மாடிப் பத்மாசனி அம்மையாரிடமும் சொல்லிவைத்தாள்.

பத்மாசனி யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய கணவர் கந்தையா மாஸ்டர் பள்ளியில் கணிதம் கற்பிப்பவர். கூட்டு வழிபாடு நடப்பதே அவர்கள் வீட்டு ஹாலில்தான். சில வாரங்களில் இருவரும் ஒரு மாலையில் கீழே இறங்கி வந்தனர்.

"தம்பி, இவருக்கும் கொஞ்ச நாளா வயித்துக்குள்ள ஒரே பொருமல்" என்றார் பத்மாசனி.

"அது ரொம்பக் கசக்கும்மா."

"மருந்தெண்டால் கசக்கத்தானே வேணும்" என்றார் மாஸ்டர்.

"ரெண்டு ஸ்பூனுக்கு மேல கூடாதுங்க, மாஸ்டர்."

மாஸ்டர் டம்ளரில் ஊற்றிக் குடித்தார். கண்களை மூடி நெடுநேரம் ஆராய்ந்தார். "நல்லாக் கேக்குது" என்று கூறி, ஒரு பாட்டிலைத் துண்டுக்குள் சுற்றி எடுத்துச் சென்றார்.

அந்த வாரமே கட்டடம் முழுவதும் வாயு பரவிற்று. கீழ்த்தளத்துச் சுரேஷ்குமார் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். நேற்றுவரை கல்லையும் செரிக்கக்கூடியவனாக இருந்தவன்.

"அண்ணே, ஃபிரிட்ஜுல வச்சுக் குடுங்கண்ணே. குளுந்து இருந்தா வாயு சட்டுனு இறங்குது."

கூட்டத்தைக் குறைக்கக் கார்மேகம் ஒரு வழி கண்டார். அரிஷ்டத்துக்குக் கடும் பத்தியம் உண்டு என்று அறிவித்தார். மீன் கூடாது. தேங்காய் கூடாது. புளி அறவே கூடாது. மீனில்லாமல் சோற்றைத் தொடாத மாஸ்டர் எப்படியும் பின்வாங்குவார் என்று எதிர்பார்த்தார்.

"அவ்வளவுதானே?" என்றார் மாஸ்டர். "இண்டையிலயிருந்து மீனை விட்டாச்சு."

பத்மாசனிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "வறுத்த கடலை பத்தியத்துக்கு ஆகும்தானே, தம்பி? மிளகாய்த்தூள் கொஞ்சமாத்தான் போடுவன்."

அவர்களுடைய வெள்ளை உள்ளத்தை நினைத்துக் கார்மேகம் உள்ளூரக் கூசிப்போனார். பச்சைப் பிள்ளைகள்போல் நம்பி வருகிறார்களே! விரதம் இருப்பவர்கள், திருநீறு அழியாதவர்கள், இவர்களுக்கல்லவா கள்ளத்தனமாக மதுவை ஊற்றிக் கொடுக்கிறோம்? வெட்கத்தினால் அவர் மட்டும் இன்றுவரை ஒரு துளியும் பருகவில்லை. பொறியாளருக்கு எழுத வேண்டிய கடிதமும் எழுதப்படவில்லை. இரவில் படுத்தால் கட்டிலுக்கடியில் இருப்பவை முதுகில் குத்துவதுபோல் இருந்தது.

"மருந்து தீர்ந்துபோச்சுங்க" என்று ஒருநாள் துணிந்து சொல்லிப் பார்த்தார்.

"தெரியுமே" என்று மாஸ்டர் கழுவிக் காயவைத்த பாட்டில்களைச் சாக்கோடு உள்ளே இறக்கினார். "அடுத்த முறை காய்ச்சேக்க உதவும்."

அடுத்த வெள்ளிக்கிழமை. தேவாரம் முடிந்து, தீபாராதனையும் ஆயிற்று. கார்மேகம் எழ முயன்றபோது மாஸ்டர் கையமர்த்தினார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இருங்கோ. எங்கட தம்பி கார்மேகம் ஒரு சதம் வாங்காமல் எங்கட வயித்து வருத்தத்தை மாத்தினவர். இப்பிடி ஒரு பிள்ளையைக் கௌரவிக்காட்டி எங்களுக்குத்தான் பாவம்."

சரிகைப் பொன்னாடை ஒன்று கார்மேகத்தின் தோள்களில் விழுந்தது. நாற்பது பேர் கைதட்டினர். சுரேஷ்குமார் விசிலடிக்க வாயில் விரலை வைத்து, சாமிப் படத்தைக் கண்டு எடுத்துக்கொண்டான்.

கார்மேகம் எழுந்து நின்றார். பொன்னாடை நெருப்பாய்ச் சுட்டது.

"மன்னிக்கணும்" என்று அவர் கைகூப்பினார். "நான் இதுக்குத் தகுதியானவன் இல்லைங்க. இத்தனை நாளும் உங்களை ஏமாத்திட்டேன். அது அரிஷ்டம் இல்லை. பீருங்க! பாத்ரூம்ல நானே காய்ச்சின பீரு!"

நளினி தரையைப் பார்த்தாள். சுரேஷ்குமார் நெற்றியில் அடித்துக்கொண்டான். மாஸ்டர் மெல்ல மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, எல்லாம் இழந்தவர்போல் சுவரில் சாய்ந்தார். ஏச்சுக்காகவும் சாபத்துக்காகவும் கார்மேகம் கண்களை மூடிக் காத்து நின்றார்.

பத்மாசனி அம்மையார்தான் பெருமூச்சுடன் எழுந்து வந்து, அவர் தோளிலிருந்த பொன்னாடையைத் திரும்ப எடுத்து மடித்தார்.

"அது பீர் எண்டு முதல் டம்ளரிலேயே எங்கள் எல்லாருக்கும் தெரியும், தம்பி. இப்ப நீங்கள் வாய்விட்டுச் சொல்லிப்போட்டியள். இனி நாங்கள் எந்த முகத்தோடை வந்து கேக்கிறது?"