மாப்பிள்ளை பிடுங்கிய பல்

நீதிமன்றப் படியேறி நற்பெயர் எடுத்துவரும் மைத்துனருக்கு, உங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. அங்கு அனைவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கு நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், தாடை சம்மதிக்கவில்லை.

நம் வீட்டு மாப்பிள்ளை, பல் டாக்டர், என் பல்லைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கத்தான் போனேன், அதில் குறையில்லை. ஆனால் வலித்தது இடப்பக்கக் கடைவாய்ப் பல். அவர் பிடுங்கியது வலப்பக்கம், கல்லைக் கடித்தாலும் அசையாத பல். ஊசி போடும்போதே ‘அந்தப் பக்கம்’ என்று சொல்லப் பார்த்தேன். வாய் நிறைய அவர் விரலும் பஞ்சும் இருந்ததால் ‘ஆ, ஆ’ என்றுதான் வெளியே வந்தது. “வலிக்காது மாமா, பயப்படாதீங்க” என்று தோளில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் போய்க் கேட்டேன். “நீங்க காட்டின பல்லத்தான் எடுத்தேன்” என்றார், கண்ணை இமைக்காமல். பக்கத்தில் நின்ற என் மகள், “அப்பா இடது பக்கம் காட்டினத நான் பாத்தேனே” என்றாள். “நீ சரியா பாக்கல” என்றார். அவ்வளவுதான், துணிமணியோடு என் பின்னாலேயே வந்துவிட்டாள். “பல்லு போனா போகுதுப்பா. என் கண்ணு முன்னாடி நடந்ததையே இல்லேங்கறார். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா என்ன சொல்லுவார்? விவாகரத்துக்கு மாமாகிட்ட பேசுங்க” என்கிறாள். உங்கள் அக்காவோ, “வக்கீல்னு வாயத் திறந்தீங்க, மிச்சப் பல்ல நான் எடுத்துடுவேன்” என்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவே இரண்டு கன்னமும் வீங்கி உட்கார்ந்திருக்கிறேன். மகள் சாப்பிடவில்லை. அவளுடைய போன் அடிக்கிறது. யார் என்று பார்த்துக் கவிழ்த்து வைக்கிறாள். அது அடித்து ஓய்ந்தபின் வீட்டில் வரும் அமைதி பல்வலியைவிட மோசம்.

கை தவறியதற்கு நான் வக்கீலைத் தேடவில்லை, மைத்துனரே. தவறவே இல்லை என்று சாதித்தபோதுதான் உங்கள் நினைவு வந்தது. புண் ஆறுவதற்குள் வேறொரு டாக்டரிடம் காட்டி எழுதி வாங்க வேண்டுமா? ஒரே ஆள்மேல் அப்பா ஒரு வழக்கும் மகள் ஒரு வழக்கும் போட்டால் வக்கீல் ஒருவர் போதுமா? உடனே நோட்டீஸ் தயார் செய்யுங்கள்.

உங்கள் வாதத்திறமை ஓங்கட்டும். பிள்ளைகளுக்குக் கெட்டியான பற்கள் அமைய என் ஆசிகள்.

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்துவிடாதீர்கள். கடிதத்தை மடிக்கும்போது மாப்பிள்ளை வந்து வாசலிலேயே நின்றார். மகளைப் பார்த்து, “தப்பு என்மேலதான். உங்கப்பாவோடதுன்னு நெனச்சு இன்னொருத்தர் எக்ஸ்ரேய பாத்துட்டேன். ஒத்துக்க பயமா இருந்துச்சு” என்றார். அவள் கவிழ்த்து வைத்திருந்த போனை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, “உள்ள வாங்க” என்றாள். உங்கள் அக்கா அழுதாள். நானும்தான், வலியால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு மாப்பிள்ளை மெல்ல இழுத்தார். அந்த இன்னொருத்தருக்கு என் எக்ஸ்ரேயைப் பார்த்துப் பிடுங்கியிருக்கிறாராம். அவரிடமும் நேரில் போய் ஒப்புக்கொண்டுவிட்டாராம். அந்த மனிதர் ‘உள்ள வாங்க’ என்று அழைக்கவில்லை, வக்கீலை அழைத்துவிட்டார். எனவே உடனே புறப்பட்டு வாருங்கள், மாப்பிள்ளைக்காக. அப்படியே நல்ல பல் டாக்டர் ஒருவரையும் விசாரித்து வையுங்கள். வலிக்கிற பல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைத் தானே எடுத்துவிடுவதாக மாப்பிள்ளை ஆசையோடு சொல்லிக்கொண்டிருக்கிறார்.