சின்னம் வெந்த கதை

தேர்தலில் ஏன் தோற்றீர்கள் என்று கேட்பவர்களிடம் கொள்கைக்காகத் தோற்றேன் என்று சொல்வேன். கேட்பவர் தலையாட்டுவார். உள்ளே இருந்து என் மனைவி மாதம்மாள் இருமுவாள். உண்மையில் நான் தோற்றது குழம்பில்.

யுத்தம் முடிந்த மறுவருஷம். கடத்தூர் பக்கம் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு நெடுங்காலமாக ஒரே பிரசிடெண்டுதான். மண்ணெண்ணெய்க்குத் திண்டாடிய நாளிலும் அவர் வாசலில் தெருவிளக்கு எரியும். அவர் எருமைக் கொட்டாய்க்கும் ஒன்று எரியும். (எருமை என்ன படித்துக்கொண்டிருந்ததோ!) எங்கள் கீழத்தெருவில் விளக்கே கிடையாது. அதற்கு முந்தின மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இருட்டில் பாம்பை மிதித்து, விடிவதற்குள் போய்ச் சேர்ந்தார். அந்தக் கோபத்தில்தான் விளக்குச் சங்கம் ஆரம்பித்தோம். தர்மபுரியில் தங்கிப் படித்துவிட்டு வந்தவன், மூக்குக்கண்ணாடி போட்டவன் என்ற இரண்டு தகுதிகளால் நானே வேட்பாளர்.

சங்கத்துக்கு ஒரு சின்னம் வேண்டும் என்றேன். விளக்கையே வைக்கலாம் என்றார்கள். வைத்தால் அதையும் பிரசிடெண்டு தன் வாசலில் நட்டுக்கொள்வார். அப்போதுதான் எனக்கு எங்கள் வீட்டு ஆட்டுக் கெடா ஞாபகம் வந்தது. மாதம்மாள் நல்லம்பள்ளியில் குட்டியிலிருந்து வளர்த்து, கல்யாணச் சீரோடு ஓட்டிவந்த வீரன். வழியில் எவன் நின்றாலும் முட்டுவான். என்னை இரண்டு முறை சாணிக்குழியில் தள்ளியிருக்கிறான். நாற்காலியை விடாத ஆளைத் தள்ள இதைவிடப் பொருத்தமான பிராணி ஏது?

தேர்தலுக்கு முதல்நாள் பம்பையடித்து ஊர்வலம். வீரன் கழுத்தில் சாமந்தி மாலை போட்டேன். மாதம்மாள் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"மால போடாதீங்க. மால போட்டு, பம்ப அடிச்சு கூட்டிட்டுப் போனா அது ஆத்தாளுக்குப் போற கெடா."

"தலைவருங்களுக்கெல்லாம் மாலை போடறாங்களே?"

"அவங்கள யாரு வெட்டறாங்க?"

படித்தவன் என்பதால் நான் மாலையை இன்னும் நேராக்கிவிட்டேன். கயிறு அவள் கையிலேயே இருக்கட்டும் என்று மட்டும் பெருந்தன்மையாக விட்டேன்.

ஊர்வலம் அமோகம். வாசலுக்கு வாசல் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். எனக்கு ஆரத்தி எடுக்கப் போகிறார்கள் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர்களோ என்னைத் தாண்டிப் போய் வீரன் தலையில் மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். மக்கள் ஆதரவு இப்படிப் பெருகுகிறதே என்று பூரித்துப் போனேன். (புத்தி என்று ஒன்று இருந்திருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன்.)

மாரியம்மன் கோவில் எதிரில் நின்று பேச ஆரம்பித்தேன். "பெரியோர்களே, இந்தக் கெடா…" என்றேன். கெடா உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தது. மஞ்சத்தண்ணி என் கண்ணாடியெல்லாம் தெறித்தது.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" என்று பூசாரி கத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள்.

"ஈரம் பட்டா எந்த ஆடும் உதறுங்க!" என்றேன்.

கூட்டம் என்னைப் பார்த்த பார்வையில் என் அறிவியல் அங்கேயே மாண்டது. "மழை இல்லாம போனா நீ பதில் சொல்லுவியா?" என்று ஒருவர் கேட்டார். அந்த நேரம் பார்த்து பிரசிடெண்டு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, உனக்கும் எனக்கும் நாளைக்குத்தான் போட்டி. ஆத்தா விசயத்துல கட்சி ஏது? கெடா உன்னுதா இருக்கட்டும். அரிசி என் வூட்ல இருந்து வரட்டும்."

ரேஷன் காலம். கேழ்வரகுக் களியைத் தவிர வேறொன்றும் காணாத ஊர். அரிசி என்றதும் கூட்டத்தின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். என் சங்கத்துக்காரர்கள் முகம்தான் எல்லோருக்கும் முன்னால் மலர்ந்தது. நான் மாதம்மாளைப் பார்த்தேன். அவள் வீரன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வேண்டாம் என்று ஒரு சொல் நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். மறுத்தால் ஓட்டுப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

"மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு," என்றேன்.

அவள் கயிற்றை என் கையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று ராத்திரி ஊரோடு உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். போதாததற்கு, சமாதானம் பேசலாம் என்று ஒரு பங்கை இலையில் மடித்து அவளுக்கும் கொண்டுபோனேன். அவள் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஓட்டுக் கேக்க வந்தீங்களா?"

மறுநாள் புளியமரத்தடியில் அதிகாரி முன்னால் கை தூக்கும் தேர்தல். பிரசிடெண்டு பெயரைச் சொன்னதும் ஊரே கை தூக்கியது. தூக்கிய கைகளிலிருந்து நேற்றைய குழம்பு வாசம் காற்றில் வந்தது. என் பெயருக்கு என் கை எழுந்தது. கூட ஒரு கை எழுந்தது என்று மகிழ்ந்தேன். அந்தக் கைக்காரர் சோம்பல் முறித்தாராம்.

எங்கள் தெருவுக்கு வெளிச்சம் வந்தது ஊருக்குக் கரண்டு வந்த பிறகுதான். மாதம்மாள் அன்றோடு கறி சாப்பிடுவதை விட்டாள். என்னையும் விட்டிருப்பாள்; நான்தான் கொஞ்ச காலம் உப்பில்லாத களியை வாய் திறக்காமல் தின்று தப்பித்தேன்.

போன மாதம் எங்கள் பெரியவன் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொல்லி, தன் சின்னம் என்று ஒரு குடையைக் கொண்டுவந்து காட்டினான். மாதம்மாள் அதை வாங்கி விரித்தாள். கம்பியையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நில்லு சாமி. இது வேவாது. ஆனா உங்கப்பன பக்கத்துல சேக்காத."