ரிப்பன் அறுத்த டவுன் பஸ்

‘குழந்தைகளோடு ஓடி மகிழுங்கள்’ என்று நோட்டீஸ் அடித்த மனுஷனுக்குக் குழந்தையே இருந்திருக்காது. இருந்திருந்தால் அதை அவர் பெண்டாட்டி வளர்த்திருப்பார். தருமபுரியில் வருஷா வருஷம் நடக்கும் அந்த ஓட்டத்துக்கு, நான்கு வருஷம் முன்பு என் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போனேன். அன்றைக்குப் போன மானத்தில் பாதியை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மீதிப் பாதி யாருக்கும் தெரியாது.

ஆசைப்பட்டு ஒன்றும் போகவில்லை. பென்னாகரம் ரோட்டில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் நான் நான்காம் வகுப்பு டீச்சர். எந்த விழாவுக்குக் கூட்டம் சேரவில்லை என்றாலும் முதலில் ஞாபகம் வருவது டீச்சர்கள்தான். எங்கள் தலைமையாசிரியை வெள்ளிக்கிழமை கூப்பிட்டுச் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம எல்லாரும் குடும்பத்தோட வந்துரணும். ஓடி முடிக்கிற எடத்துல நோட்டு வெச்சிருப்பேன். எட்டு மணிக்குள்ள கையெழுத்து. கிளாசுக்கு ஒரு புள்ளையாவது வரணும்.”

“மேடம், எனக்கு நாலு வயசுப் பையன் இருக்கானுங்களே…”

“இன்னும் நல்லது. போட்டோவுல அழகா இருப்பான்.”

என் வகுப்பில் பூமிகாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சாக்பீஸ் எடுத்து வா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிற பெண் அவள்.

“ஃபர்ஸ்ட் வந்தா மெடல் தருவாங்களா டீச்சர்?”

“தருவாங்க. நீ மட்டும் ஃபர்ஸ்ட் வா பூமி, நானே மேடையேறி உன் கையத் தூக்கிக் காட்டறேன்.”

(இந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.)

என் வீட்டுக்காரர் பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தார். அதற்கென்று புது ஷூ, புது தொப்பி. எனக்கும் பிள்ளைகளுக்கும் மூன்று கிலோமீட்டர் ‘குடும்ப ஓட்டம்’. பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதும் அதில்தான். குடும்பம் என்றால் அவரைத் தவிர மற்றவர்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. “நீ ஜாலியா நடந்து வா, நான் முடிச்சிட்டு வந்து புள்ளைங்கள வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் மறைந்துபோனார். மனுஷன் மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் சூடாகப் போண்டா போடுவதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார் என்பது பிறகு தெரிந்தது.

கொடுத்த பனியன் ஒரே சைஸ். எட்டு வயது யாழினிக்கு முட்டி வரைக்கும் வந்தது. நாலு வயது கவினுக்கு அது நைட்டி. விசில் ஊதியதும் அவன் இரண்டு எட்டு வைத்தான், பனியனையே மிதித்துக் குப்புற விழுந்தான். தூக்கிவிட்டால் ஸ்பீக்கர் சத்தத்துக்குப் பயந்து அழுதான். வாழைப்பழம் கொடுத்தார்கள். உரித்ததும் அது உடைந்துவிட்டது என்று அழுதான். ஒட்டித் தரச் சொன்னான். பிறகு ஒன்றுக்கு வருகிறது என்றான். இறக்கிவிட்டால், எல்லோரும் பார்க்கிறார்கள், வரவில்லை என்றான். நாலு ரோடு பக்கம் வருவதற்குள் எங்களோடு கிளம்பின கூட்டம் கண்ணுக்கே தெரியவில்லை.

“அம்மா, நாம லாஸ்ட்டாம்மா?” என்றாள் யாழினி.

“இல்ல, பின்னால ஆம்புலன்ஸ் வருது பாரு.”

மணி ஏழு நாற்பது. இடுப்பில் கவின், கையில் அவனுடைய ஒற்றைச் செருப்பு, மனசில் தலைமையாசிரியையின் நோட்டு. அப்போது பக்கத்தில் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. அன்று ரோட்டில் பாதியைக் கயிறு கட்டி ஓடுகிறவர்களுக்கு விட்டிருந்தார்கள், மீதிப் பாதியில் வண்டிகள் போயின. கண்டக்டர் நான் தினமும் பார்க்கிற மனிதர்.

“என்னங்க டீச்சர், புள்ள இந்த அழுவ அழுவுது! ஏறுங்க. கிரவுண்டு தாண்டித்தான் போவுது. லேடீஸுக்கு டிக்கெட்டும் இல்ல.”

சத்தியமாகச் சொல்கிறேன், போட்டியில் ஜெயிக்க ஏறவில்லை. கையெழுத்துப் போட ஏறினேன். மைதானத்தின் பக்கத்தில் இறங்கி, ஓரமாகப் போய் நோட்டில் ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்பதுதான் என் திட்டம்.

ஜன்னலோர சீட் கிடைத்தது. காற்று பட்டதும் கவின் அழுகையை நிறுத்தினான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறவர்களை ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டு போனோம். சிறுமிகள் கூட்டத்துக்கெல்லாம் முன்னால், நூறடி தள்ளித் தனியாக ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். காலில் இருந்த செருப்பைக் கழற்றி இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டிருந்தாள். பூமிகா!

அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். செருப்பு மாட்டின கையைத் தூக்கி ஆட்டி, “டீச்சர்ர்ர்!” என்றாள். நானும் வெட்கமே இல்லாமல் ஜன்னலில் தலையை நீட்டி, “ஓடு பூமி! நீதான் ஃபர்ஸ்ட்!” என்று கத்தினேன். பஸ் அவளைத் தாண்டியது.

ஸ்டாப் மைதானத்து வாசலுக்கு எதிரிலேயே இருந்தது. நாங்கள் இறங்கியதும் விசில் வைத்திருந்த இரண்டு பையன்கள் யாழினியின் பனியனைத்தான் பார்த்தார்கள், பஸ்ஸைப் பார்க்கவில்லை. “ஃபர்ஸ்ட் பாப்பா வந்துருச்சு! வழி விடுங்க, வழி விடுங்க!” என்று கயிற்றைத் தூக்கி அவளை உள்ளே தள்ளிவிட்டார்கள். அவளோ சுகமாக உட்கார்ந்து வந்தவள், காலெல்லாம் புதுசு. ஓடு என்றதும் ஓடிவிட்டாள். “யாழினி, நில்லுடி!” என்று நான் கவினை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. என் மகள் நெஞ்சால் ரிப்பனை அறுத்தாள்.

பூமிகா அதற்குப் பிறகுதான் வந்தாள். கோட்டைத் தாண்டி நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரிப்பனைத் தேடினாள். அதை ஒரு பையன் கையில் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறப்பதற்குள் எங்களை மேடையில் ஏற்றிவிட்டார்கள். தலைமையாசிரியை பெரிய அதிகாரிகளிடம், “எங்க டீச்சர் பொண்ணுங்க சார்!” என்று பூரித்துக்கொண்டிருந்தார். மைக் பிடித்தவர் யாழினியைக் குனிந்து பார்த்தார்.

“இவ்ளோ தூரம் ஓடியும் பாப்பாவுக்கு மூச்சே வாங்கலையே! எப்புடி பாப்பா?”

யாழினி என்னைப் பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. ‘பஸ்ல வந்தோம்’ என்று இரண்டே வார்த்தை. அதிகாரிகளைப் பார்த்தேன், தலைமையாசிரியையைப் பார்த்தேன். மைக்கை வாங்கி, “தினமும் காலையில ப்ராக்டீஸ் பண்றா சார்” என்றேன்.

யாழினி ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு மைக்கில் சொன்னாள். “ஆமாங்க சார். அம்மா அஞ்சு மணிக்கே எழுப்பி வுட்டுருவாங்க.”

(எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கு ஃப்ரிட்ஜைத் தவிர எதுவும் விழித்திருக்காது.)

அவளுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லித்தர எனக்கு மூன்று மாதம் ஆனது. பொய் சொல்ல ஒரே நிமிஷத்தில் கற்றுக்கொடுத்துவிட்டேன். நானெல்லாம் டீச்சர்!

இரண்டாம் பரிசுக்காகப் பக்கத்தில் நின்ற பூமிகா செருப்பைக் காலில் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். போட்டோக்காரர், “டீச்சர், பாப்பா கையத் தூக்கிப் புடிங்க” என்றார். நான் தூக்கிப் பிடித்தேன். தூக்குவேன் என்று வாக்குக் கொடுத்த அந்தக் கையை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் யாழினி எல்லாவற்றையும் அவள் அப்பாவிடம் கொட்டிவிட்டாள். மனுஷன் தரையில் புரண்டு சிரித்தார். சேலத்து நாத்தனாருக்கும் பாலக்கோட்டுச் சித்தப்பாவுக்கும் உடனே போன் போனது. அன்றிலிருந்து நான் எங்கே கிளம்பத் தாமதித்தாலும், “டீச்சர், ஸ்டாப் வந்துருச்சு, எறங்கி ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்குங்க!” என்பார். இதுவரைக்கும்தான் எல்லோருக்கும் தெரிந்த பாதி.

திங்கட்கிழமை காலையில் யாழினியிடம் மெடலைக் கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். “அந்த அக்காவுக்கா? குடுத்துரும்மா” என்று உடனே கழற்றிக் கொடுத்தாள். டிபன் பாக்ஸ் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். சாப்பாட்டு பெல் அடித்ததும் பூமிகாவை வராந்தா ஓரத்துக்குக் கூப்பிட்டேன்.

“பூமி, இது உன்னோடதுடா. வெச்சுக்க.”

அவள் மெடலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேணாங்க டீச்சர்.”

“இல்லடா, நீதானே…”

“நான் யார்கிட்டயும் சொல்லலீங்க டீச்சர். எங்கம்மாகிட்ட கூட சொல்லல. சத்தியமா சொல்ல மாட்டேங்க.”

சொல்லிவிட்டுச் சத்துணவுத் தட்டோடு வரிசையில் போய் நின்றாள். வாயடைக்கக் கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்படி இல்லை என்று சொல்ல நானும் அவள் பின்னால் போகவில்லை. போய் என்னத்தைச் சொல்வது?

சாயந்திரம் யாழினி வாசலிலேயே காத்திருந்தாள். “அக்கா வாங்கிட்டாங்களாம்மா?”

“ம், வாங்கிட்டா.”

இப்போதும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இந்தக் கதை இல்லாமல் சாப்பாடு இறங்காது. யாழினி செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு நடித்தே காட்டுவாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கடைசியில் யாராவது, “சரி, அந்த மெடல் எங்க?” என்று கேட்பார்கள்.

“அத எங்கம்மா அடுத்த நாளே அந்த அக்காகிட்ட குடுத்துட்டாங்க” என்பாள் யாழினி, பெருமையாக. “டீச்சர்னா இப்புடித்தான் இருக்கணும்” என்று விருந்தாளிகள் தலையாட்டுவார்கள். நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்பேன். மெடல் பீரோவில், என் கல்யாணப் புடவைக்கு அடியில், அதே டிபன் பாக்ஸ் துணியில் சுற்றினபடி இருக்கிறது.