பதினான்கு கூட்டங்களும் ஒரு மினி பிசியும்

சிறிய பொருளை வாங்குவதற்குப் பெரிய மனிதர்கள் வேண்டும் என்ற பேருண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டிய பெருமை, ஜொகூர் மாநிலம் பத்து பாகாட்டில் இயங்கும் தோட்டப் பதிவேடுகள் பாதுகாப்புச் சங்கத்தையே சேரும். சாப்பாட்டு டப்பா அளவேயான ஒரு கணினியை அந்தச் சங்கம் எட்டே மாதங்களில், பதினான்கே கூட்டங்களில், மூன்றே துணைக்குழுக்களை வைத்துத் தேர்ந்தெடுத்துவிட்டது. அவசரப்பட்டுவிட்டார்களோ என்று இன்றும் சிலருக்குச் சந்தேகம் உண்டு.

சங்கத்தின் செயலாளர் குணாளன். வார நாட்களில் துணி ஆலையில் தையல் பிரிவு மேற்பார்வையாளர். சனிக்கிழமை பிற்பகலில் வரலாற்று ஆசிரியர். அதாவது, கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுபவர். அவருடைய நோட்டில் ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று ‘முன்மொழிந்தவர்’, மற்றொன்று ‘வழிமொழிந்தவர்’. முன்மொழிவதற்குச் சங்கத்தில் எப்போதும் அடிதடி. வழிமொழியத்தான் ஆள் கிடைக்காது. அதற்குள் யாராவது மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்துவிடுவார்கள், வாசனை கிளம்பிவிடும். கோடு காலியாகக் கிடந்தால் குணாளனுக்குப் பொறுக்காது. தன் கையையே தூக்கி, தன் பெயரையே எழுதிவிடுவார்.

பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் கை தூங்கியதில்லை. சுவருக்குச் சாயம் அடிக்க, தலைவருக்கு நன்றி சொல்ல, போன கூட்டத்தில் தலைவருக்குச் சொன்ன நன்றியை உறுதிப்படுத்த என எல்லாவற்றையும் அது வழிமொழிந்திருக்கிறது. என்ன தீர்மானம் என்று கேட்டு மற்றவர்களின் நேரத்தை வீணடிக்கும் கெட்ட பழக்கம் மட்டும் குணாளனிடம் கிடையாது.

சங்கத்தின் ஒரே சொத்து ஓர் இரும்பு அலமாரி. மூடப்பட்ட ரப்பர் தோட்டங்களின் பதினோரு பதிவேடுகள் அதற்குள் இருந்தன. யார் எந்த லயத்து வீட்டில் பிறந்தார், யார் எப்போது இறந்தார் என்று அந்தக் காலத்துத் தோட்டக் கணக்கர்களான கிராணிமார் சாய்ந்த எழுத்தில் எழுதிவைத்தவை. சங்கம் அவற்றைக் கண்ணை இமை காப்பதுபோலக் காத்தது. பூட்டியே வைத்திருந்தது என்று பொருள். சாவி குணாளனின் மோட்டார்சைக்கிள் சாவிக்கொத்திலேயே தொங்கியது.

இந்த அமைதியைக் கெடுத்தவர் ராஜம்மா. குணாளனின் ஆலையில் நூல் பிசிறு வெட்டுகிறவர், அறுபத்து நான்கு வயது. வில்மோர் தோட்டத்தில் பிறந்து, இந்த மாநிலத்தைத் தாண்டி எங்கும் போகாதவர். ஆனாலும் கையில் இருப்பது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. பிறந்த வீட்டிலேயே விருந்தாளி என்பதற்கான அத்தாட்சி அது. இங்கேதான் பிறந்தார் என்று காட்ட ஒரு தாளும் இல்லாததால் பாஸ்போர்ட் கிடையாது. மகள் வாசுகி பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் கட்டிக்கொடுக்கப்பட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மகள் வீட்டுக் கதவின் நிறத்தை ராஜம்மா போனில்தான் பார்த்திருக்கிறார்.

தைப்பூசம் முடிந்த வாரம், சாப்பாட்டு நேரத்தில் குணாளனிடம் வந்து நின்றார்.

“தம்பி, ஜொகூர் பாருல குடியுரிமை இண்டர்வியூக்குத் தேதி குடுத்திருக்காங்க. ஒன்பதாம் மாசம். தோட்டத்து ஆஸ்பத்திரி ரெக்கார்டு ஏதாச்சும் இருந்தா கொண்டாங்கன்னு அந்த ஆபீசு அம்மா சொன்னிச்சு. அது உங்க சங்கத்து அலமாரில இருக்காமே?”

“இருக்கலாம்க்கா. பதினோரு புக்கு இருக்கு.”

“சாவியக் குடுங்க. நானே உக்காந்து பாத்துக்குறேன்.”

“எல்லாம் இங்கிலிஷ்லக்கா.”

“எங்கப்பா பேரு இங்கிலிஷ்ல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். சிவப்பு ஐசில என் பேருக்குப் பின்னாடி அதத்தானே நாப்பது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்.”

குணாளனுக்கு மனம் இளகிவிட்டது. சாவிக்கொத்தின் மேல் கைகூடப் போனது. ஆனால் தீர்மானம் இல்லாமல் அலமாரியைத் திறப்பது எப்படி? “சனிக்கிழமை மீட்டிங்ல வெச்சிடறேன்க்கா. முடிஞ்சிரும்” என்றார். முடிந்துவிடும் என்றே மனதார நம்பினார்.

தலைவர் சிவகணேசன் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. கோப்பு நகராமல் இருப்பதே கோப்புக்குப் பாதுகாப்பு என்ற கொள்கையில் முப்பத்தைந்து ஆண்டு சேவை செய்தவர். அதற்கு முந்தைய வாரம்தான் ஜொகூர் பாருவில், மதிய உணவுடன் கூடிய ஒருநாள் ‘செயற்கை நுண்ணறிவுக் கருத்தரங்கு’ ஒன்றில் கலந்துகொண்டு, முழு நுண்ணறிவோடு திரும்பியிருந்தார்.

சனிக்கிழமை கூட்டத்தில், ராஜம்மாவே விரல் வைத்துத் தேடிக்கொள்ளட்டும் என்று குணாளன் சொன்னதும், “விரல் வைப்பதா? பதிவேட்டிலா?” என்றார். “விரலில் வேர்வை இருக்கும், மிஸ்டர் குணாளன். இனிமேல் இவற்றை மனிதர் தொடக் கூடாது. ஏஐ படிக்கும். அதுவும் வெளியே எங்கும் அனுப்பாமல், நம் மேசையிலேயே படிக்கும். இதற்கு ‘தரவு இறையாண்மை’ என்று பெயர்.”

தீர்மானம் ஒன்று: ஏஐ வேலைக்கேற்ற மினி பிசி ஒன்று வாங்குவது. அதுவரை அலமாரியைத் திறக்காமல் இருப்பது. முன்மொழிந்தவர்: தலைவர். வழிமொழிந்தவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

தொழில்நுட்ப ஆலோசகராக தீபன் நியமிக்கப்பட்டான். சிங்கப்பூரில் கணினி வேலை பார்த்துவிட்டு, வாரக் கடைசியில் வீடு திரும்பும் பிள்ளை. அனுபவம் போதாதவன் என்பது முதல் நாளே வெளிப்பட்டுவிட்டது. ஒரே நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டான்.

“சார், ஸ்கேன் பண்ணி கையெழுத்தப் படிக்கறதுக்கு முப்பத்திரெண்டு ஜிபி மெமரியே தாராளம். நாளைக்கே ஆர்டர் போட்டா அடுத்த வாரம் வந்துரும்.”

அவை திடுக்கிட்டது. அடுத்த வாரமே வந்துவிட்டால் துணைக்குழு எதற்கு?

“அறுவத்து நாலு இருக்கா இல்லையா?” என்றார் துணைத்தலைவர் மகேஸ்வரன். டயர் கடை வைத்திருப்பவர்.

“இருக்குண்ணே. நூத்தி இருவத்தெட்டுகூட இருக்கு. ஆனா நமக்கு எதுக்கு?”

“பின்னாடி வேணும்னா மாட்டிக்க முடியுமா?”

“சிலதுல முடியாதுண்ணே. மெமரிய போர்டுலயே ஒட்டி வெச்சிருப்பான்.”

“அலமாக்! அப்ப இப்பவே பெரிசா வாங்கணும் லா. லோரிக்குப் போடற டயர காருக்குப் போட முடியாதுதான். ஆனா கையில இருந்தா ஒரு தைரியம்.”

இந்தத் தர்க்கத்தைத் தீபனைத் தவிர எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள். ‘நினைவகத் துணைக்குழு’ உதயமாயிற்று.

அடுத்துவந்த மாதங்களை அறிவுலகம் மறக்காது. ஒரு நொடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்குப் போடும் என்பதை ‘டாப்ஸ்’ என்ற அளவில் சொல்வார்கள் என்று தீபன் விளக்கினான். ஐம்பது டாப்ஸுக்கும் நூற்றிருபத்தாறு டாப்ஸுக்கும் இடையே சங்கம் இரண்டாகப் பிளந்து, ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு நிறம். கறுப்பு ஆகாது என்றார் மகேஸ்வரன். வெள்ளிநிறத்தில் வருவதோ குறைந்த டாப்ஸ். இதற்காக ‘வண்ணத் துணைக்குழு’ இருமுறை கூடி, இருமுறையும் மீ கோரேங்கோடு கலைந்தது. எப்படியோ ஒரு முடிவுக்கு வரும் நேரத்தில் தீபன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வான்.

“அடுத்த மாசம் புது மாடல் வருது சார்.”

“அப்படியா? காத்திருப்போம்” என்பார் தலைவர். காத்திருப்பது அவருக்குக் கைவந்த கலை.

ஐந்தாவது மாதத்தில்தான் பெரும் சிக்கல் வெடித்தது. தீபன் போனில் காட்டிய படத்தைத் தலைவர் உற்றுப் பார்த்தார்.

“இதன் உண்மையான அளவு என்ன?”

“இவ்ளோதான் சார்.” தீபன் தன் சாப்பாட்டு டப்பாவைக் காட்டினான்.

“திறப்பு விழாப் படத்தில் இது தெரியுமா? ரிப்பனை எதில் கட்டுவது?”

யாரும் இதை யோசித்திருக்கவில்லை. பெரிய கணினிப் பெட்டி ஒன்று வாங்கி, அதற்குள் சின்னதை ஒளித்துவைக்கலாமா என்று மகேஸ்வரன் கேட்டார். கடைசியில் உயரமான பீடத்தில் வைப்பது என்று முடிவாயிற்று. ‘பீடத் துணைக்குழு’ பிறந்த கதை இதுதான்.

திங்கள்தோறும் காலையில் ராஜம்மா கத்தரிக்கோலோடு குணாளனின் மேசைப் பக்கம் வருவார்.

“தம்பி, என்னாச்சு?”

“அறுவத்து நாலா நூத்தி இருவத்தெட்டான்னு போய்க்கிட்டு இருக்குக்கா.”

“எனக்கு ஒண்ணுதான் தம்பி வேணும். ஒரே ஒரு வரி.”

அவர் கண் குணாளனின் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துக்குப் போகும். குணாளன் சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார். இரவில் அவருக்குத் தூக்கம் சரியாக வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் தூக்கம் வரவில்லை என்பதற்காக ஒரு தீர்மானத்தை மீற முடியுமா?

பன்னிரண்டாவது கூட்டத்தில் மினி பிசி நூற்றிருபத்தெட்டாகவே வாங்குவது என்று ஏகமனதாக முடிந்தது. அந்த மகிழ்ச்சியில் மீ கோரேங்குக்குப் பதிலாக பிரியாணி வந்தது. இயந்திரத்தைச் சுற்றிக் காற்றோட்டம் வேண்டும், அறையில் தூசி கூடாது என்று தீபன் சொன்னான். அறையைச் சுத்தம் செய்ய மகேஸ்வரன் ஏதோ முன்மொழிந்தார். பிரியாணிப் பொட்டலத்தின் ரப்பர் பேண்டை அப்போதுதான் கழற்றிக்கொண்டிருந்த குணாளன் இடது கையைத் தூக்கினார். கூடவே சாவியையும் கழற்றிக் கொடுத்தார். சுத்தத்துக்குத்தானே.

பதின்மூன்றாவது கூட்டத்துக்குப் போனபோது அறை பளிச்சென்று இருந்தது. பழைய பேப்பர் லோரிக்காரர் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு, பதிலுக்கு ஒரு பெட்டி டிஷ்யூ பேப்பர் கொடுத்துவிட்டுப் போனதாக மகேஸ்வரன் அறிவித்தார். அவைக்கு ஆளுக்கொரு பாக்கெட். காரமாகச் சாப்பிடும் சங்கத்துக்கு அது பேருதவி.

பதினான்காவது கூட்டம் நாள் குறித்தது. திறப்பு விழா ஞாயிறு காலை பத்தரைக்கு. ராஜம்மாவின் இண்டர்வியூ செவ்வாய்க்கிழமை. என்ன ஒரு திட்டமிடல்!

வாசலில் வாழைமரம். சுவரில் தலைவரின் முகமும் அதன் ஓரத்தில் இயந்திரத்தின் படமும் போட்ட பேனர். உள்ளே, ஊதா வெல்வெட் போர்த்திய பீடத்தின் உச்சியில் மினி பிசி. அதற்குப் பொட்டு வைக்கப்போன தலைவரைத் தீபன் பாய்ந்து தடுத்தான்.

“சார், காத்து போற ஓட்டைல சந்தனம் வெக்காதீங்க!”

கடைசியில் மானிட்டர் திரைக்குப் பொட்டு வைத்தார்கள். ரிப்பன் வெட்டப்பட்டது, படம் எடுக்கப்பட்டது, தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். முன்வரிசையில் ராஜம்மா மடிப்புக் கலையாத புடவையில், பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபைலில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

“முதல் பயனாளி!” என்று தலைவர் கைகாட்ட, தீபன் தட்டச்சு செய்தான்: ‘வில்மோர் தோட்டத்தில் முனியாண்டி மகள் ராஜம்மா எப்போது பிறந்தார்?’

இயந்திரம் மூன்று நொடி யோசித்தது. பிறகு திரையில் சுத்தமான தமிழில் எழுத்துகள் ஓடின: ‘அந்தத் தோட்டத்தின் பதிவேடு என்னிடம் இல்லை. அதன் பக்கங்களைக் கொடுங்கள், படித்துச் சொல்கிறேன்.’

எட்டு மாதங்களில், ராஜம்மாவுக்கு அடுத்தபடியாக, பதிவேட்டைக் கேட்ட இரண்டாவது ஆள் அந்த இயந்திரம்தான்.

“கேட்கிறதல்லவா, எடுத்துக் கொடுங்கள்” என்றார் தலைவர்.

குணாளன் அறையைச் சுற்றிப் பார்த்தார். “அலமாரி எங்க?”

“பீடமே அதுதானே லா” என்று மகேஸ்வரன் பெருமையோடு வெல்வெட்டைத் தூக்கினார். சாவி அதிலேயே இருந்தது. குணாளன் திருப்பினார். உள்ளே மினி பிசி வந்த அட்டைப்பெட்டி, வாரண்டி அட்டை, மீதமிருந்த டிஷ்யூ பாக்கெட்டுகள்.

“புக்கெல்லாம்?”

மகேஸ்வரனின் முகம் மெல்ல மாறியது. “நான் பழைய அழைப்பிதழ்க் கட்டுகளத்தான் நெனச்சேன். லோரிக்காரன், அலமாரில உள்ளதும் பழசுதானான்னு கேட்டான். ஆமான்னேன். பொய்யா சொல்ல முடியும்?”

“யார் அனுமதித்தது?” தலைவரின் குரல் உயர்ந்தது. “மினிட்ஸைப் படியுங்கள்!”

குணாளன் படித்தார். தன் கையெழுத்துதான், அழகான கையெழுத்து. “பன்னிரண்டாவது கூட்டம். தீர்மானம் ஏழு. அறையில் உள்ள பழைய காகிதங்கள் அனைத்தையும் அப்புறப்படுத்துவது. முன்மொழிந்தவர், மகேஸ்வரன்.”

“வழிமொழிந்தவர்?”

குணாளன் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். படிக்கத் தேவை இருக்கவில்லை. அவையில் எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய மனிதர்கள் இத்தகைய நேரத்தில்தான் பெரிய மனிதர்களாகத் தெரிவார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நடந்ததற்குச் சங்கம் தன் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிக்கிறது. இதை நான் முன்மொழிகிறேன்.”

கை பழக்கத்தில் எழுந்தது. என்ன தீர்மானம் என்று குணாளனின் மூளைக்கு எட்டுவதற்கு முன்பே எழுந்துவிட்டது. வியர்வையைத் துடைக்க எடுத்த டிஷ்யூ அதே கையில் இருந்தது.

தனக்குத்தான் நீட்டுகிறார் என்று நினைத்து ராஜம்மா எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார். கண்ணைத் துடைக்கவில்லை. விரித்து, வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு இயந்திரத்தின் முன்னால் வைத்தார்.

“இதுல எங்கப்பா பேரு எங்கயாச்சும் இருக்கான்னு அதப் படிக்கச் சொல்லுங்க தம்பி.”