முந்நூற்று முப்பது அடி ஆழம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் மதுரையில் தாழ்நிலப் பாதுகாப்பு இலாகா என்று ஒன்று ஸ்தாபிதமாயிற்று. மதுரையில் தாழ்நிலம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இலாகா வந்துவிட்டால் தனக்கு வேண்டியதை அதுவே தேடிக்கொள்ளும்.

ஸ்பெஷல் ஆபீசராக வந்தவர் திருமலையப்ப பிள்ளை. ஆறு மாதம் ஆலந்து தேசத்தில் பயிற்சி பெற்றவர். அதன் தலைநகரான ஆம்ஸ்டர்டாம் பட்டணத்தில் பல பகுதிகள் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. கரை போட்டுத் தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதைக் கண்டு வந்த நாளிலிருந்து பிள்ளைக்கு உயரமானது எல்லாமே நாகரிகக் குறைவாகத் தோன்றியது. வழியில் யானைமலை தென்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவனியாபுரத்துச் சின்னக்கருப்பனுக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டு ஏக்கரில் சோளம் போட்டிருந்தார். அந்தக் காட்டுக்குத்தான் ஒருநாள் இலாகா குமாஸ்தா யூனுஸ் பூர்த்தி செய்ய வேண்டிய ஒரு பாரத்தோடு வந்து சேர்ந்தார்.

"அண்ணே, உங்க நிலம் கடல் மட்டத்துக்கு எம்புட்டு அடி கீழ இருக்கு?"

"கீழயா? கடலு ராமநாதபுரத்துப் பக்கமில்ல கெடக்கு!"

"அளந்து பாத்தாச்சு. முந்நூத்து முப்பது அடி மேலதான் இருக்கு. ஆனா பாரத்துல 'கீழே'ன்னு ஒரு கட்டந்தான் இருக்கு. ஆலந்துல அச்சடிச்சத அப்படியே எடுத்துக்கிட்டோம்."

"அப்ப கட்டத்தச் சும்மா விட்ருங்க."

"சும்மா விட்டா நிலமே இல்லைன்னு ஆயிரும்ணே."

நிலம் இல்லாமல் போவதைவிடக் கடலுக்குள் கிடப்பது மேல் என்று சின்னக்கருப்பனுக்குப் பட்டது. "சரி, எழுதுங்க" என்றார்.

பதினைந்தாம் நாள் நோட்டீசு வந்தது. 'மேற்படி ஆசாமியானவர் முந்நூற்று முப்பது அடி ஆழத்திலுள்ள கடலடித் தரையை அனுமதியின்றி உழுது சோளம் பயிரிட்டிருப்பது இலாகாவின் கவனத்துக்கு வந்திருப்பதால், மறு உத்தரவு வரும்வரை கதிரில் கை வைக்கலாகாது.'

"கதிரு முத்தி நிக்குது. இன்னும் எட்டு நாள் விட்டா குருவி தின்னுட்டுப் போயிரும். குருவிக்கும் நோட்டீசு குடுப்பாகளா?" என்றாள் அவர் மனைவி தங்கப்பொண்ணு. மறுநாள் காலையிலேயே புருஷனைக் கிளப்பிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

"எசமான், என் காட்டுல பொட்டுத் தண்ணி இல்லீங்க" என்றார் சின்னக்கருப்பன்.

"தண்ணீர் இல்லை என்பதுதான் எங்கள் இலாகாவின் சாதனை" என்றார் பிள்ளை.

"ஆலந்துல கரை போட்ருக்காகன்னு குமாஸ்தா சொன்னாரு. இங்க கரை எங்கீங்க?"

"கரையே இல்லாமல் கடலை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஆலந்துக்காரனால் இது முடியுமா?"

சின்னக்கருப்பனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தங்கப்பொண்ணு முன்னால் வந்தாள்.

"கடலுக்குள்ள இருக்கிறத எடுக்கவே கூடாதுங்களா எசமான்?"

"ஏன் கூடாது? மீன் பிடிக்க லைசென்ஸ் உண்டே."

"அப்ப எங்க சோளத்த மீனுன்னு எழுதிருங்க."

பிள்ளை கண்ணை மூடி யோசித்தார். பிறகு யூனுஸைக் கூப்பிட்டார். "சோளத்துக்குத் தலை உண்டா?"

"இருக்குங்க சார்."

"செதில்?"

"உமி இருக்குங்க."

"எழுது."

லைசென்ஸைத் தலைப்பாகையில் செருகிக்கொண்டு சின்னக்கருப்பன் கதிர் அறுத்தார். அதில் சிவப்பு முத்திரை இருந்தது. அத்தனை பெரிய முத்திரையை அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. அதோடு பிடித்தது மோகம்; எல்லாரும் தங்கள் இடம் எத்தனை அடி ஆழம் என்று இலாகாவில் முத்திரை போட்ட பத்திரம் வாங்கினார்கள். ஆழப் பத்திரம் இல்லாத வீட்டில் சம்பந்தம் பேச ஆள் வரவில்லை. "மாப்ள வீடு எத்தனை அடி?" என்பதே முதல் கேள்வியாயிற்று. நிஜத்தில் எவ்வளவு மேலேயோ, பத்திரத்தில் அவ்வளவு கீழே அல்லவா? நாகமலை உச்சியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிவனாண்டிக்கு எண்ணூறு அடி ஆழம் கிடைத்தது. நாற்பது வயதுவரை பெண் கிடைக்காதவருக்கு ஒரே வாரத்தில் மூன்று இடத்திலிருந்து ஆள் வந்தது.

இதைக் கேட்டதும் சின்னக்கருப்பனுக்குத் தூக்கம் போயிற்று. இலாகாக் கணக்கில் முதன்முதல் மூழ்கியவர் அவர்தான். நேற்று வந்தவன் எண்ணூறு, தான் முந்நூற்று முப்பதா? யூனுஸ் அளந்தபோது கல் நட்ட இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் ஆழம் கூடும் என்று கண்டுபிடித்தார். ஊரிலேயே கெட்டியான மண் கண்மாய்க் கரையில்தான் இருந்தது. பத்து வண்டி அடித்தார்.

"கரைய வெட்டுறியே, மழைக்காலம் வருதேய்யா" என்றாள் தங்கப்பொண்ணு.

"பத்து வண்டியில என்ன கொறஞ்சிரப் போகுது?"

பத்து வண்டியில் ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் அதைப் பார்த்து ஊரில் எல்லாரும் ஆளுக்குப் பத்து வண்டி அடித்தார்கள். யூனுஸ் மறுபடி வந்து அளந்தார். சின்னக்கருப்பனுக்கு முந்நூற்று நாற்பது அடி என்று புதுப் பத்திரம் வந்தது. தெருவில் நாலு பேர் எழுந்து கும்பிட்டார்கள்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மேடுகள் முதல் நாளே கரைந்தன. மூன்றாம் நாள் விடியும்போது கண்மாய் உடைந்து ஊருக்குள் வந்தது. குதிரும் கோழியும் மிதந்தன. குழந்தைகளைக் கோயில் கூரையில் ஏற்றிவிட்டு, பெரியவர்கள் மார்பளவு தண்ணீரில் நின்றார்கள். நீந்தத் தெரிந்த ஒருவர் மனுவோடு மதுரை ஆபீசுக்குப் போனார்.

சாயங்காலம் யூனுஸ் பரிசலில் வந்து பதிலை வாசித்தார்:

'அவனியாபுரம் கிராமம் சராசரி முந்நூற்று நாற்பது அடி ஆழத்தில் இருப்பது தாங்கள் கைநாட்டு வைத்த பத்திரங்களால் ருஜுவாகிறது. அங்கே தற்சமயம் நாலடித் தண்ணீரே இருப்பதாகத் தாங்களே மனுவில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். பாக்கி முந்நூற்று முப்பத்தாறு அடித் தண்ணீரை அப்புறப்படுத்திய இலாகாவுக்கு ஊரார் கரகோஷம் செய்து நன்றி தெரிவிக்க வேண்டியது.'

சின்னக்கருப்பனுக்கு ஏதோ கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் என்ன கேட்டாலும் கண்மாய்க் கரையில்தான் போய் முடியும். பக்கத்தில் நின்ற தங்கப்பொண்ணு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கொஞ்சம் கை தட்டிருங்கண்ணே. தட்டினாகன்னு நான் எழுதணும்" என்றார் யூனுஸ்.

யாரும் தட்டவில்லை. பத்திரம் நனைந்துவிடக் கூடாதே என்று அத்தனை பேரும் இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள்.