கூழ் கம்பெனிக்கு ஒரு ஆலோசகர்

யாகப்பன் மூன்று வருஷமாகப் பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று காரிமங்கலத்தில் பேசிக்கொண்டார்கள். அது அநியாயமான பேச்சு. சாப்பிடும்போது மட்டும்தான் உட்காருவார். மற்ற நேரமெல்லாம் படுத்துத்தான் கிடந்தார்.

வேலை கிடைக்காமல் இல்லை. சொசைட்டியில் கிளார்க் வேலை வந்தது. ஆனால் பி.காம். முடித்த கையோடு மெட்ராஸிலிருந்து தபாலில் மேனேஜ்மென்ட் பாடம் வரவழைத்துப் படித்திருந்தாரே! "நான் யோசனை சொல்றவன். இன்னொருத்தன் சொல்றத எழுதுறவன் இல்ல" என்று சொல்லிவிட்டார். பஸ் கம்பெனியில் கூப்பிட்டபோதும் அதே பதில்தான்.

யோசனையெல்லாம் வீட்டிலேயே செலவானது. மனைவி லூர்து மேரி அடுப்பு ஊதினால், எந்தப் பக்கம் நின்று ஊத வேண்டும் என்பார். தண்ணீர் சுமந்து வந்தால், எந்த இடுப்பில் குடத்தை வைத்தால் சிரமம் குறையும் என்பார். குடத்தை மட்டும் வாங்க மாட்டார்.

மேரிக்கு மாம்பழக் கூழ் கம்பெனியில் தோல் சீவும் வேலை. சீசன் முடிவதற்குள் மாம்பால் பட்டு விரலெல்லாம் வெடித்துப் போகும். கைக்குழந்தை ஜெசிந்தாவையும் கூடவே தூக்கிப் போவாள். கம்பெனிப் புளியமரத்தில் பழம்புடவைகளைத் தூளியாகக் கட்டி, சீவுகிற பெண்கள் எல்லோரும் பிள்ளைகளைப் போட்டிருப்பார்கள். எந்தத் தூளி அழுகிறதோ அந்தத் தாய் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவாள், பால் கொடுப்பாள், திரும்பி வருவாள். இதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. அது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கம்பெனி முதலாளி மாதேஸ்வரனுக்கு ஒரு குறை. கிருஷ்ணகிரியில் அவர் மச்சான் தர்மனும் கூழ் கம்பெனிதான் நடத்துகிறார். மச்சான் கலர் டி.வி. வாங்கினார், இவரும் வாங்கினார். மச்சான் கார் வாங்கினார், இவரும் வாங்கினார். இப்போது மச்சான் பெங்களூரிலிருந்து ஒரு மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட் வைத்திருக்கிறாராம். செய்தி காதில் விழுந்ததும் யாகப்பன் டை கட்டிக்கொண்டு போய் நின்றார்.

"நீங்க என்ன வேலை செய்வீங்க?"

"நான் வேலை செய்ய மாட்டேனுங்க. மத்தவங்க எப்படிச் செய்யணும்னு சொல்லுவேன்."

முதலாளிக்குப் பரம திருப்தி. பெங்களூர்க்காரனும் இதைத்தான் சொன்னானாம். "சரி, சம்பளம் போட்டுத் தர்றேன், ஒரு மாசம் சுத்திப் பாருங்க. எங்க மச்சான் முன்னாடி ரிப்போர்ட் படிக்கணும். அவன் வாயப் பொளந்தான்னா நீங்க பர்மனென்ட்."

யாகப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாசம் முழுக்கச் சுற்றினார். கடைசியில் கம்பெனியின் எதிரி யாரென்று கண்டுபிடித்துவிட்டார். அன்று சாயங்காலம் மேரியிடம் சொன்னார்:

"அந்தத் தூளியெல்லாம் அவுக்கணும்னு எழுதப் போறேன்."

மேரி வெடித்த விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "அவுத்துட்டா ஜெசிந்தா எங்கீங்க இருப்பா?"

"அது உற்பத்திக்குச் சம்பந்தமில்லாத கேள்வி."

"எங்கூடச் சீவுற சாலம்மா புள்ளைக்கு இன்னும் கழுத்தே நிக்கல. அத எங்க உடுவா?"

"குடும்ப விஷயத்துல கன்சல்டன்ட் தலையிட மாட்டான்."

அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே சாலம்மாளோடு வெகுநேரம் பேச்சு. திரும்பி வந்து களி போட்டாள். பக்கத்தில் ஒரு முட்டை வைத்தாள். முட்டையைப் பார்த்ததுமே யாகப்பன் உஷாராகியிருக்க வேண்டும். பசியில் தோன்றவில்லை.

"ஏங்க, தூளிய அவுத்துட்டா பொம்பளைங்க நின்னுருவாங்க. மாங்கா அழுகும். அப்ப மொதலாளி யாரக் கேப்பாரு?"

யாகப்பன் பிட்ட களியைத் தட்டிலேயே வைத்தார். "என்னைத்தான் கேப்பாரு."

"எனக்கென்னங்க தெரியும், எட்டாவது படிச்சவ. இந்த மாதிரி வந்தா என்ன செய்யணும்னு உங்க தபால் பாடத்துல போட்டிருப்பானே?"

"போட்டிருக்கான். ஒரே மாதிரி வேலைய ஒரே எடத்துல சேர்த்து ஒரே ஆள்கிட்ட குடுன்னு போட்டிருக்கான்." சொல்லும்போதே யாகப்பன் கண் விரிந்தது. "அப்படின்னா, புள்ளைங்கள கம்பெனிக்குப் பின்னால காலியாக் கெடக்கிற கொட்டாய்ல சேர்த்து, பாத்துக்க ஒரு ஆளைப் போட்டுட்டா..."

"அடேயப்பா! எப்படிங்க தோணுது உங்களுக்கு!"

"ஆனா புது ஆளுக்குச் சம்பளம்னா முதலாளி முறைப்பாரு."

"புது ஆளு எதுக்கு? உள்ளயே சம்பளம் வாங்கிட்டு இருக்கிற ஆளா எழுதுங்க. மாங்கா தொடாத ஆளு, மெஷின் தொடாத ஆளு, இத்தனை மணிக்கு வரணும், போவணும்ங்கிற கணக்கில்லாத ஆளு."

"கேட்டுல வாட்ச்மேன் ராஜப்பன் தூங்கிக்கிட்டே இருக்கான். அவனைப் போட்டுடலாம்."

"ஐயோ, பேரு போடாதீங்க. பகை வரும். அடையாளத்தை மட்டும் நீங்க எழுதுங்க, ஆள மொதலாளி பாத்துக்கட்டும். பெரியவங்க அப்படித்தானே எழுதுவாங்க?"

பெரியவங்க என்ற சொல் முட்டையைவிட ருசியாக இருந்தது. அப்படியே எழுதினார்.

ரிப்போர்ட் படிக்கிற நாளில் கிருஷ்ணகிரி மச்சான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். புளியமரத்துத் தூளிகளுக்குப் பதிலாகக் கொட்டாய் என்று படித்தபோது மச்சான் நிமிர்ந்தார். புது ஆள் வேண்டாம், கூடுதல் சம்பளம் வேண்டாம் என்றபோது அவர் வாய் நிஜமாகவே பிளந்தது. "எங்க பெங்களூரான் வெறும் கோடு கோடாப் போட்டு குடுக்கிறான் மாமா. இது வேலைக்காவற யோசனை!"

மாதேஸ்வரனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்த அடையாளத்த இன்னொரு தரம் படிங்க."

யாகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று படித்தார். "மாங்காயையோ மெஷினையோ தொடாதவர். குறிப்பிட்ட வேலை நேரம் இல்லாதவர். ஏற்கெனவே சம்பளம் பெறுபவர்."

"நம்ம கம்பெனியில இதுக்கு ஒரே ஒரு ஆளுதான் இருக்காரு."

"ஆமாங்க. வாட்ச்மேன் ராஜப்பன்."

"அவனுக்கு ஷிப்ட் இருக்கே. கேட்ட உட்டுட்டு வந்தா லாரிய யாரு பாக்கறது?" முதலாளி ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நீங்கதாங்க. திங்கக்கெழமையிலிருந்து வந்துருங்க. சொன்ன சொல் மாற மாட்டேன். நீங்க பர்மனென்ட்."

"சார், நான் கன்சல்டன்ட்..."

"உங்க யோசனையத்தானே கேட்டு நடக்கறோம்!"

யாகப்பன் வீட்டுக்கு வந்து டையை வீசி எறிந்தார். "நீ தெரிஞ்சேதான் எழுதச் சொன்ன?"

மேரி ஜெசிந்தாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "பொறந்ததுலேருந்து இவள ஒரு தரம் தூக்கியிருப்பீங்களா? எத்தனை தரம் கேட்டிருப்பேன். சரி, சம்பளம் குடுத்தாலாச்சும் தூக்கறீங்களான்னு பாக்கலாம்னுதான்."

வேலையை விட்டுவிடலாமா என்று யாகப்பன் விட்டத்தைப் பார்த்து யோசித்தார். விட்டால், தன் ரிப்போர்ட் நடைமுறைக்கு ஒத்துவராது என்று தானே கிருஷ்ணகிரி மச்சானிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை கொட்டாயில் வரிசையாகத் தூளி கட்டியிருந்தது. மேரி தன் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சீவப் போனாள். அடுத்து சாலம்மாள் வந்தாள். கழுத்து நிற்காத பிள்ளையை எப்படிப் பிடிப்பதென்று சொல்லிக் கொடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

"சார், தாலாட்டுப் பாட்டு ஏதாச்சும் தெரியுமுங்களா?"